பொருநைக் கரையும் கடல்கடந்த கல்வியும்: திருநெல்வேலி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1868–1925)

ஆய்வுச்சுருக்கம்

குடியேற்றக் காலத்தில் இந்திய மாணவர்கள் இங்கிலாந்து சென்று கற்ற வரலாறு பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மாவட்ட நகரங்கள் அவ்வரலாற்றில் மாணவர்களின் பிறப்பிடமாக மட்டுமே சுட்டப்படுகின்றன. இக்கட்டுரை தச்சநல்லூர், சிந்துபூந்துறை, பாளையங்கோட்டை, சேரன்மாதேவி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தாமிரபரணிப் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்டு அயல்நாட்டுக் கல்வியின் வரலாற்றை அணுகுகிறது. கடல்கடந்த கல்வி தனிமனிதத் திறமையின் விளைவு என்னும் பொதுக் கருத்தை மறுபரிசீலனை செய்து, பொருள், தகவல், நம்பகம் என்னும் மூன்று வாயில்களையும் ஒருங்கே கடக்க இயன்றோருக்கே அது வாய்த்தது என நிறுவ முயல்கிறது. இம்மூன்றையும் வழங்கியதில் அரசின் பங்கு தொடக்கத்தில் மிகக் குறைவு. 1907க்குப் பின் அரசு முனைப்புடன் நுழைந்தபோது, உதவியோடு கண்காணிப்பும் சேர்ந்தே வந்தது. இக்காலத்தில் தோக்கியோவில் பயின்ற வியட்நாமிய மாணவர்களின் நிலை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அயல்நாட்டுக் கல்வி, திருநெல்வேலி, சாமுவேல் சத்தியநாதன், கிருபாபாய், சுதேசி இயக்கம், வ.வே.சு. ஐயர், கிழக்குப் பயண இயக்கம்

1. முன்னுரை

தாமிரபரணியின் கரையூர்கள் கடலுக்கு அயலானவை அல்ல. கொற்கையும் காயலும் இவ்வாற்றின் முகத்துவாரப் பகுதியில் செழித்த துறைமுகங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே பருத்தி ஏற்றுமதியானது. இலங்கையின் தோட்டங்களுக்குத் தொழிலாளர் சென்றனர். கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர் ஆண்டுதோறும் வந்துபோயினர். ஆகவே ‘கடல் தாண்டுதல்’ என்பது இவ்வட்டார மக்கள் அனைவருக்கும் புதியதொரு செயல் அன்று. கல்வி கற்பதற்காகக் கடல் தாண்டுதல் என்பதே புதியது.

இப்புதுமை எவருக்கு, எவ்வழியாக, எவ்விலையில் வாய்த்தது என்பதே இக்கட்டுரையின் வினா. வட்டார வரலாற்று நூல்கள் இதற்கு இரண்டு எளிய விடைகளைத் தருவது வழக்கம். மிஷன் பள்ளிகள் மேலைக் கல்வியின் கதவைத் திறந்தன என்பது ஒன்று. திறமையும் துணிவும் உடையோர் தடைகளை வென்று சென்றனர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் திறந்த கதவின் வழியே நுழைந்தவர் எத்தகையோர், திறமை இருந்தும் நின்றுவிட்டவர் யாவர் என்னும் வினாக்களுக்கு இவ்விடைகள் இடம் தருவதில்லை. அவ்வினாக்களை எழுப்ப, ஒரே ஆற்றின் கரையோடு தொடர்புடைய சிலரின் வாழ்க்கையைப் பொதுக் கொள்கை வரலாற்றோடு இணைத்துக் காண்பது பயன் தரும்.

ஆய்வின் கால எல்லை 1868 முதல் 1925 வரை அமைகிறது. இந்திய மாணவர் இங்கிலாந்தில் கற்பதற்கென அரசு உதவித்தொகை முதன்முதலில் அறிவிக்கப்பட்ட ஆண்டு 1868. இலண்டனில் சட்டம் பயின்று திரும்பிய வ.வே.சு. ஐயர் பாபநாசம் அருவியில் உயிர்நீத்த ஆண்டு 1925.

2. சிந்துபூந்துறை: பள்ளியும் குடும்பமும்

தச்சநல்லூர் இன்று திருநெல்வேலி மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று. அதற்குத் தெற்கே, திருநெல்வேலிச் சந்திப்பை அடுத்து, ஆற்றின் கரையில் அமைந்தது சிந்துபூந்துறை. ஆற்றுக்கு அப்பால் பாளையங்கோட்டை. 1843இல் சுலோசன முதலியார் பாலம் திறக்கப்படும்வரை இவ்விரு கரைகளுக்கும் இடையே வெள்ளக் காலத்தில் போக்குவரத்து அரிதாக இருந்தது. பாலம் திறந்தபின் வடகரையின் இந்துக் குடும்பப் பிள்ளைகள் தென்கரையின் மிஷன் பள்ளிக்கு நாள்தோறும் சென்றுவர முடிந்தது. கல்வி வரலாற்றில் பாலங்களுக்கு உரிய இடம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

சிந்துபூந்துறையில் வைணவ நாயுடு குடும்பம் ஒன்றில் பிறந்த திருவேங்கடம் என்னும் சிறுவன் பாளையங்கோட்டையில் சர்ச் மிஷன் சங்கத்தார் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தான். அப்பள்ளியின் தலைமையாசிரியர் வில்லியம் குரூக்‌ஷாங்க்ஸ் பார்வையற்றவர். நினைவாற்றலாலும் கற்பிக்கும் திறத்தாலும் நெடுங்காலம் போற்றப்பட்டவர். 1840களின் பிற்பகுதியில் திருவேங்கடம் கிறித்தவ சமயம் தழுவி வில்லியம் தாமஸ் சத்தியநாதன் எனப் பெயர் பெற்றார். உயர்குடி மாணவர் ஒருவரின் மதமாற்றம் அக்காலத்தில் ஊரையே கலக்கிய நிகழ்வு. மிஷன் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை நிறுத்துவதும், இந்துக்கள் தமக்கெனப் பள்ளி அமைத்துக்கொள்வதும் இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில் வைத்துக் காணத்தக்கவை. 1861இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்துப் பள்ளி 1878இல் கல்லூரியாக உயர்ந்தது.

சத்தியநாதன் கடாட்சபுரத்தில் பணியாற்றிய குரு ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாளை மணந்தார். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர்களுள் தேவசகாயம் ஒருவர். அன்னாள் தாமும் எழுத்தாளர். குழந்தை வளர்ப்புப் பற்றி அவர் எழுதிய ‘நல்ல தாய்’ என்னும் தமிழ்நூல் 1862இல் வெளிவந்தது. இவ்விணையர் பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்தனர். சத்தியநாதன் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவானார்.

இக்குடும்பத்தின் அமைப்பு கருதத்தக்கது. இரண்டு தலைமுறையாக ஆங்கிலம் கற்றவர்கள். ஐரோப்பியரோடு ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். பெண்களும் எழுத்தறிவு பெற்றவர்கள். நிலமோ பெருவணிகமோ இவர்களது செல்வமாக இல்லை. கடிதத் தொடர்பு, பரிந்துரை, நற்பெயர் ஆகியவையே இவர்களின் மூலதனம். 1878இல் சத்தியநாதனும் அன்னாளும் இங்கிலாந்து சென்றுவந்தனர். அதே ஆண்டில் அவர்களின் மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார்.

3. அரசின் கை: 1868 முதல் 1886 வரை

சாமுவேல் கேம்பிரிட்ஜில் சேர்ந்த ஆண்டின் பின்னணியை அறிய, அதற்குப் பத்தாண்டு முன்னர் செல்லவேண்டும். 1868இல் தலைமை ஆளுநர் ஜான் லாரன்ஸ் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஆண்டுக்கு 200 பவுன் வீதம், மூன்றாண்டுகளுக்கு, ஒன்பது இந்திய மாணவர்க்கு இங்கிலாந்தில் பயில உதவித்தொகை வழங்குவது அத்திட்டம். இந்தியா முழுமைக்கும் ஒன்பது இடம் என்பதே மிகச் சிறிய எண். அதுவும் நிலைக்கவில்லை. இந்தியச் செயலராகப் பொறுப்பேற்ற ஆர்கைல் கோமகன் திட்டத்தைக் கைவிட்டார். இலண்டன் தேர்வு எழுதாமலே தகுதியுள்ள இந்தியரை உயர்பதவிகளில் நியமிக்க 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்யும் என்பது மாற்றாகக் காட்டப்பட்டது. 1886இல்தான் அரசு உதவித்தொகை சிறிய அளவில் மீண்டும் தோன்றியது.

இடைப்பட்ட காலத்தில் இந்திய மாணவர்க்குக் கிடைத்த முதன்மையான பொதுப் போட்டி உதவித்தொகை கில்கிறிஸ்ட் அறக்கட்டளையினுடையது. 1868 முதல் வழங்கப்பட்ட இதற்கான தேர்வில் இலத்தீன் முதலிய செம்மொழி அறிவும் வேண்டப்பட்டது. அத்தகைய பயிற்சி பெரிய நகரங்களின் சில கல்லூரிகளிலேயே கிடைத்தது. வங்கத்தின் பிரபுல்ல சந்திர ராய் 1882இல் இவ்வுதவியுடனேயே எடின்பரோ சென்றார். திருநெல்வேலியின் இரு கல்லூரிகளும் நெடுங்காலம் இடைநிலை வகுப்புகள் வரையே நடத்தியவை. அங்குப் பயின்றவர் இளங்கலைக்கே சென்னை முதலிய ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்துப் பயணத்தின் முதற்கட்டம் தாமிரபரணிக் கரையினருக்குச் சென்னைப் பயணமாகவே இருந்தது.

மறுபுறம், வழித்தடைகள் சில இக்காலத்தில் நீங்கின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததால் கடற்பயணம் வாரக்கணக்கில் குறைந்தது. 1871ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சமயச் சோதனைச் சட்டம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹம் ஆகிய பல்கலைக்கழகங்களில் ஆங்கிலிக்கர் அல்லாதாரும் பட்டமும் பதவியும் பெற வழிவிட்டது. 1876இல் தென்னிந்திய இரயில்வே தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் சென்னையோடு இணைத்தது. ஆனால் அதே 1876–78 ஆண்டுகள் தென்னகத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய ஆண்டுகள். மேலும் 1878 முதல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. பத்தொன்பது வயதுக்குள் இலண்டனில் தேர்வெழுத வேண்டுமாயின் பதினாறு, பதினேழு வயதிலேயே மகனைக் கப்பலேற்ற வேண்டும். பாதை குறுகியபோது கதவும் குறுகியது என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

ஆக, 1878இல் பொருள் என்னும் வாயிலை அரசு திறந்துவைத்திருக்கவில்லை. எங்கு விண்ணப்பிப்பது, எங்குத் தங்குவது, எவ்வளவு செலவாகும் என்னும் தகவல் அச்சில் எளிதில் கிடைக்கவில்லை. கல்லூரி ஒன்று முன்பின் அறியாத தமிழ் இளைஞனைச் சேர்க்க வேண்டுமாயின், அவனை அறிந்த ஆங்கிலேயர் ஒருவரின் சொல் வேண்டியிருந்தது. இம்மூன்றனுள் பின்னிரண்டும் சத்தியநாதன் குடும்பத்திடம் இருந்தன.

4. சாமுவேல் சத்தியநாதன்: அனுபவம் வழிகாட்டியாதல்

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று 1882இல் சாமுவேல் இந்தியா திரும்பினார். உதகமண்டலம் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் தலைமையாசிரியராகவும், பின்னர்க் கல்வித்துறை அலுவலராகவும், சென்னை மாநிலக் கல்லூரியில் அளவையியல், அறவியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1894இல் வெளியான அவரது சென்னை மாகாணக் கல்வி வரலாறு இன்றும் ஆய்வாளர் கையாளும் நூல். ஆயினும் இக்கட்டுரையின் நோக்கில் முதன்மை பெறுவது, 1890இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆங்கிலப் பல்கலைக்கழகமொன்றில் நான்காண்டுகள்’ என்னும் நூலேயாகும்.

இந்நூலை இருவகையில் வாசிக்கலாம். ஒரு தமிழரின் இங்கிலாந்து அனுபவப் பதிவு என்பது முதல்வகை. இதுவரை அது பெரிதும் அவ்வாறே வாசிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்து செல்ல விரும்பும் இந்திய மாணவர்க்கான வழிகாட்டி என்பது இரண்டாம் வகை. கல்லூரி முறை, பாடத்திட்டம், செலவு, பழக்கவழக்கம் ஆகியவற்றை விளக்கும் நோக்கம் நூலில் வெளிப்படையானது. இங்கு நிகழ்வது ஒரு முக்கியமான மாற்றம். முன்னர்க் குடும்பத்துக்குள்ளும் மிஷன் வட்டத்துக்குள்ளும் வாய்மொழியாகவும் கடிதமாகவும் இருந்த தகவல், விலை கொடுத்து வாங்கக்கூடிய அச்சுப் பொருளாகிறது. தகவல் என்னும் வாயில் சற்றே அகலமாகிறது.

இதனைத் தனித்த முயற்சியாகக் கருதவேண்டுவதில்லை. 1870இல் மேரி கார்ப்பெண்டர் பிரிஸ்டலில் நிறுவிய தேசிய இந்தியச் சங்கம், பின்னர் எலிசபெத் மேனிங்கின் பொறுப்பில், இந்திய மாணவர்க்குத் தங்குமிடமும் அறிமுகமும் தேடித் தந்தது. தன் இதழின் வாயிலாகக் கல்வி வாய்ப்புகளையும் வெளியிட்டது. ஆனால் அச்சங்கத்தின் அறிவுரை இங்கிலாந்திலிருந்து வந்தது. சாமுவேலின் நூல் போய்வந்தவரின் குரலில் சென்னையிலிருந்து வந்தது. பெற்றோரின் ஐயம் எத்தகையது என்பதை அறிந்தவர் எழுதிய நூல் என்பதே அதன் சிறப்பு.

அதே வேளையில் நூலின் எல்லையையும் குறிப்பிடுதல் வேண்டும். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலம் அறியாத தந்தையும் தாயும் மகனின் பயணத்தைப் பற்றி முடிவெடுக்கும் குடும்பங்களே மாவட்டங்களில் மிகுதி. அவர்களிடம் இத்தகவல் சேர இடைநின்று சொல்பவர் ஒருவர் தேவைப்பட்டார். அச்சு தகவலைப் பொதுவாக்கியது. ஆனால் மொழி அதன் வாசகரைத் தேர்ந்தது.

5. போகாதவர்கள்

சென்றவரின் வரலாறு மட்டும் எழுதப்படுமாயின் அது வெற்றியின் வரலாறாகவே அமையும். போகாதவரையும் சேர்த்து எழுதும்போதே வாயில்களின் உயரம் புலப்படும்.

சாமுவேல் கேம்பிரிட்ஜ் சென்ற அதே 1878இல் அவர் தந்தையின் சென்னை இல்லத்துக்கு ஒரு மாணவி வந்து தங்கினார். அகமதுநகரில் மராத்தியக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த கிருபாபாய் அவர். மருத்துவம் பயில இங்கிலாந்து செல்ல உதவித்தொகை பெறும் தகுதியை அவர் பெற்றிருந்தார். ஆயின் உடல்நலம் கருதிப் பயணம் தடுக்கப்பட்டது. மாற்றாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டில் சிறந்து விளங்கினார். உடல்நலிவால் அப்படிப்பையும் தொடர இயலவில்லை. பின்னர்ச் சாமுவேலை மணந்தார். அவர் எழுதிய ‘சகுணா’, ‘கமலா’ என்னும் இரு நாவல்களும் கல்வி வேட்கை கொண்ட பெண்ணின் உள்ளத்தை மையமாகக் கொண்டவை. 1894இல் அவர் மறைந்தார்.

ஒரே ஆண்டு, ஒரே இல்லம், இருவரும் கற்கும் ஆர்வமுடையோர். ஒருவர் சென்று நூலெழுதித் திரும்பினார். மற்றவர் செல்லாமையைக் கதையாக எழுதினார். கிருபாபாயின் நிலையை உடல்நலம் என்னும் தனிக்காரணத்தால் மட்டும் விளக்குதல் போதாது. பத்தாண்டு கழித்து, பம்பாய் மாகாணத்தில் கொர்னேலியா சொராப்ஜி தேர்வில் முதன்மை பெற்றும், பெண் என்பதால் அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டார் என்பது நன்கறிந்த செய்தி. இங்கிலாந்து நண்பர்கள் திரட்டிய நிதியால்தான் அவர் 1889இல் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்தார். நம்பகம் என்னும் வாயில் பெண்களுக்கு இருமடங்கு உயரமாக இருந்தது. சத்தியநாதன் குடும்பத்தில் இவ்வாயில் திறக்க ஒரு தலைமுறை ஆயிற்று. சாமுவேலின் இரண்டாம் மனைவியும் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழைச் சென்னையில் 1901இல் தொடங்கியவருமான கமலா, கணவர் 1906இல் சப்பானின் யோகஹாமாவில் இறந்தபின், தம் பிள்ளைகளின் கல்விக்காக இங்கிலாந்தில் சில ஆண்டுகள் தங்கினார்.

இரண்டாவது தடை சாதி வழக்கம். கடல் தாண்டினால் சாதி விலக்கு என்னும் அச்சம் சென்னை மாகாணப் பிராமணரிடையே வலுவாக இருந்தது. 1914இல் கணிதமேதை இராமானுசன் கேம்பிரிட்ஜ் செல்லும்வரை குடும்பத்தின் இசைவு பெறப் பட்ட பாடு பலரும் அறிந்தது. அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. கேம்பிரிட்ஜின் ஹார்டி முதலியோர் பரிந்துரைத்தனர். பொருளும் நம்பகமும் கிடைத்தபின்னும் வீட்டு வாயிலே இறுதியில் திறக்கவேண்டியிருந்தது.

மூன்றாவதாக, இவ்வட்டாரத்திலிருந்து மிகுதியாகக் கடல் கடந்தவர் மாணவர் அல்லர் என்பதை மறத்தலாகாது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைக்கும் மக்களுக்கு இத்தகைய சாதித்தடை எவரும் விதிக்கவில்லை. அவர்கள் எத்தனை பேர் சென்றாலும் எவரும் ஆலோசனைக் குழு அமைக்கவுமில்லை. 1854இல் இலங்கையில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் அனுப்பப்பட்டனர். தாமிரபரணிக் கரையில் எழுத்தறிந்தோர் கடல் கடந்து கற்பிக்கச் சென்ற வரலாறு, கற்கச் சென்ற வரலாற்றினும் முந்தியது. அயல்நாட்டுக் கல்வி வரலாற்றில் இவ்வுபதேசியாருக்கும் ஆசிரியர்க்கும் இடமளிக்கப்படுமாயின் அவ்வரலாற்றின் உருவம் பெரிதும் மாறும்.

6. சுதேசி விடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘எங்குச் சென்று கற்பது’ என்னும் வினாவோடு ‘எதைக் கற்பது’ என்னும் வினாவும் சேர்ந்தது. பட்டமும் பதவியும் தரும் சட்டக் கல்வியைவிடத் தொழிற்கல்வியே நாட்டுக்குத் தேவை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1904இல் கர்சனின் அரசு, தொழில்நுட்பம் பயில ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகையை ஏற்படுத்தியது. அதே ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய அறிவியல், தொழிற்கல்வி வளர்ச்சிச் சங்கம் பொதுமக்கள் நன்கொடையால் மாணவரைச் சப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. உருசியாவைச் சப்பான் வென்ற 1905க்குப் பின் தோக்கியோ ஆசிய இளைஞர்களின் கண்ணில் புதிய கல்வித் தலமாயிற்று.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து இவ்வினாவுக்கு எழுந்த விடை தனித்தன்மை உடையது. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம், கொழும்புக்குக் கப்பல் விடுவதோடு, கப்பலோட்டும் கலையையும் கப்பல் கட்டும் தொழிலையும் இந்தியர்க்கும் ஏனைய ஆசியர்க்கும் பயிற்றுவித்தலையும் தன் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. கல்வியைத் தேடி மாணவன் கடல் கடப்பதற்கு மாறாக, கடல் கடக்கும் கலையையே இங்குக் கற்பிப்பது இத்திட்டத்தின் உட்பொருள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. பயிற்சித் திட்டம் வளருமுன் சங்கம் ஒடுக்கப்பட்டது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார்; மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் மாணவரும் பங்குகொண்டனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அயல்நாட்டுக் கல்விக்கு மாற்றாக உள்நாட்டில் உருவாகக்கூடிய தொழிற்பயிற்சியின் வாயிலும் அரசால் மூடப்பட்ட நிகழ்வாக இதனை வாசிக்க இடமுண்டு. கல்வி வரலாற்றாசிரியர் நாவாய்ச் சங்கத்தைப் பொருளாதார வரலாற்றுக்கு உரியதெனக் கருதி விட்டுவிடுதல் இழப்பேயாகும்.

7. கண்காணிக்கும் அரசு: இலண்டனும் தோக்கியோவும்

1907இல் இந்தியச் செயலர் அலுவலகம் வில்லியம் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இங்கிலாந்திலுள்ள இந்திய மாணவர்களின் நிலையை ஆராய்வது அதன் பணி. தியோடர் மாரிசனும் கர்சன் வைலியும் ஏனைய உறுப்பினர்கள். 1880களில் இருநூறை ஒட்டியிருந்த இந்திய மாணவர் எண்ணிக்கை இதற்குள் ஏறத்தாழ எழுநூறாகியிருந்தது. 1905இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் தொடங்கிய ‘இந்தியா இல்லம்’ மாணவர்க்குத் தங்குமிடமாகவும் புரட்சி அரசியலின் களமாகவும் விளங்கியது. குழுவின் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. 1922இல் லிட்டன் குழு அறிக்கையின் இணைப்பாகவே அது வெளிவந்தது. தமது நலனுக்காக எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட அறிக்கையை மாணவர்கள் பதினைந்து ஆண்டுகள் காணவில்லை.

1909இல் தாமஸ் ஆர்னல்டைக் கல்வி ஆலோசகராகக் கொண்டு தகவல் செயலகம் ஒன்று இலண்டனில் தொடங்கப்பட்டது. மாகாணங்களில் ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள், பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா, தேசிய இந்தியச் சங்க நிகழ்ச்சி ஒன்றில் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். இதன்பின் தகவல் தருதலும் தகவல் திரட்டுதலும் வேறுபடுத்த இயலாதவை ஆயின. சேர்க்கைக்கு நற்சான்று கேட்கும் வழக்கம் இறுகியது. முன்னர் மிஷனரியின் கடிதம் தந்த நம்பகத்தை இப்போது மாவட்ட ஆட்சியாளரின் சான்று தரவேண்டியதாயிற்று. உதவிக்கென அமைந்த செயலகத்தை மாணவர் பலர் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை.

இங்குத் தோக்கியோவை ஒப்பிடுதல் பொருத்தமுடையது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமிலிருந்து 1905இல் பான் போய் சாவ் சப்பான் சென்றார். அங்குப் பயில இளைஞரை அனுப்புமாறு தாயகத்தாரை வேண்டி அவர் தொடங்கியதே ‘கிழக்குப் பயணம்’ என்று பொருள்படும் தோங் து இயக்கம். மொழி, படைப்பயிற்சி, பொதுக்கல்வி ஆகியவற்றைக் கற்க 1908 அளவில் ஏறத்தாழ 200 மாணவர் அங்கிருந்தனர். ஊரவர் திரட்டிய நன்கொடையே அவர்களுக்கு ஆதாரம். 1907இல் பிரான்சும் சப்பானும் ஆசியாவில் தத்தம் உடைமைகளை மதிப்பதென உடன்பாடு செய்துகொண்டன. அதன் விளைவாக மாணவர் குழு கலைக்கப்பட்டது. பான் போய் சாவும் 1909இல் வெளியேற்றப்பட்டார்.

இலண்டனிலும் தோக்கியோவிலும் ஏறத்தாழ ஒரே ஈராண்டில் நிகழ்ந்தவை வேறுபட்ட தோற்றமும் ஒத்த உட்பொருளும் கொண்டவை. இந்திய மாணவன் தன்னை ஆளும் நாட்டின் தலைநகரில் பயின்றான். அவனை வெளியேற்றுவதைவிடக் கண்காணிப்பது அரசுக்கு எளிது. வியட்நாமிய மாணவன் தன்னை ஆளாத நாட்டில் பயின்றான். அவனைக் கண்காணிக்க இயலாத பிரெஞ்சு அரசு, ஒப்பந்தத்தின் வழியே வெளியேற்றியது. மாணவன் எந்த நாட்டைத் தேர்ந்தான் என்பதே அவன்மீது எத்தகைய அதிகாரம் பாயும் என்பதைத் தீர்மானித்தது. வ.உ.சி.யின் கப்பல் சங்கம் ஒடுக்கப்பட்ட 1908ஆம் ஆண்டையும் இவற்றோடு வைத்துப் பார்த்தால், ஆசியர் தம் சொந்த நிதியால் அமைத்துக்கொண்ட கற்றல் வழிகள் சில ஒரே காலத்தில் அடைபட்டதைக் காணலாம்.

8. இலண்டனிலிருந்து சேரன்மாதேவிக்கு

இதுவரை கண்டது தாமிரபரணிக் கரையிலிருந்து வெளியேறிய பாதை. அயல்நாட்டில் கற்றவர் இக்கரைக்கு வந்து சேர்ந்த பாதையும் உண்டு. திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் 1907இல் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்தார். இந்தியா இல்லத்தின் உறுப்பினரானார். படிப்பை முடித்தும், மன்னருக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க மறுத்ததால் பட்டம் பெறவில்லை. 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1911 சூன் 17இல் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் மணியாச்சி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். புதுச்சேரியில் ஐயர் இளைஞர்க்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்ததாக 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறியது. இலண்டன் மாணவர்மீது அரசு கொண்ட அச்சத்துக்குத் திருநெல்வேலி ஒரு சான்றாகக் காட்டப்பட்டது.

1922இல் ஐயர் சேரன்மாதேவியில் தாமிரபரணிக் கரையில் ஒரு குருகுலத்தை நிறுவினார். மேலைக் கல்வியைத் தலைநகரிலேயே கண்டவர், தாய்மொழிவழிக் கல்வி, உடலுழைப்பு, தேசியப் பற்று ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பள்ளியை ஒரு சிற்றூரில் அமைத்தது கருதத்தக்க திருப்பம். ஆனால் அங்குப் பிராமணச் சிறுவர் சிலர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. தமிழ்நாடு காங்கிரசு நிதியுதவி அளித்த நிறுவனத்தில் இவ்வேறுபாடு கூடாதென வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் எதிர்த்தனர். பூசல் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

இந்நிகழ்வை ஐயரின் தனிப்பட்ட சாதிப்பற்றாக மட்டும் சுருக்குதல் முறையன்று. அவர் தாம் எவரோடும் உடனுண்ணத் தயங்காதவர் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். பெற்றோர் விருப்பத்துக்கு அவர் இணங்கினார் என்பதே சிக்கலின் மையம். அயல்நாட்டுக் கல்வி ஒருவரின் பழக்கத்தை மாற்றலாம். அவர் அமைக்கும் நிறுவனத்தின் பழக்கத்தை அது தானாக மாற்றிவிடுவதில்லை. கடல் கடந்தவர் எவரும் சமத்துவத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவார் என்னும் சீர்திருத்தக் கால நம்பிக்கையைச் சேரன்மாதேவி சோதித்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, திருநெல்வேலி வட்டாரத்துக்கு அயல்நாட்டுக் கல்வியின் வாயிலைத் திறந்தது அரசு உதவித்தொகை அன்று. மிஷன் பள்ளியும் அதனைப் பொதுவாகத் திறந்ததெனக் கூற இயலாது. மிஷன் அமைப்புக்குள் இரு தலைமுறையாக வேரூன்றிய குடும்பத்துக்கே தகவலும் நம்பகமும் கிட்டின. அவ்வமைப்பில் ஆயிரக்கணக்கில் இருந்த ஏழைக் கிறித்தவர்க்கு அவ்வாய்ப்பு எட்டவில்லை.

இரண்டாவது, தகவலை அச்சேற்றிய சாமுவேல் சத்தியநாதனின் நூல் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அது பயண இலக்கியமாக மட்டுமன்றிக் கல்வி வழிகாட்டியாகவும் மறுவாசிப்புக்கு உரியது. அதனோடு கிருபாபாயின் நாவல்களை இணைத்து வாசிக்கும்போதே அக்காலக் கல்வி வாய்ப்பின் முழு உருவம் தெரியும்.

மூன்றாவது, 1907க்குப் பின் அரசு மாணவர் நலனில் கொண்ட அக்கறையும் அச்சமும் ஒன்றோடொன்று பின்னியவை. வியட்நாமிய மாணவரின் தோக்கியோ அனுபவத்தோடு ஒப்பிடுகையில் இது பிரித்தானியப் பேரரசுக்கு மட்டும் உரிய தன்மை அன்று என்பது தெளிவாகிறது.

நான்காவது, வ.உ.சி.யின் கப்பற்பயிற்சித் திட்டமும் சேரன்மாதேவிக் குருகுலமும் அயல்நாட்டுக் கல்விக்கு எதிர்வினையாக எழுந்த உள்ளூர்த் திட்டங்கள். முன்னதை அரசு முடக்கியது. பின்னதைச் சாதி முடக்கியது.

விடுதலைக்குப் பின், 1954–55 முதல், பட்டியலினத்தோர்க்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பொருள் என்னும் வாயிலைச் சமூகநீதி நோக்கில் திறந்தது. 1913இல் பரோடா அரசின் உதவியோடு கொலம்பியா சென்ற அம்பேத்கரின் வரலாறு அத்தகைய திட்டங்களின் தேவைக்கு வலுவான சான்று. எனினும் தகவலும் நம்பகமும் இன்றும் சமமாகப் பகிரப்பட்டுள்ளனவா என்பது ஆய்வுக்குரிய வினா. பரிந்துரைக் கடிதம் எழுதத் தெரிந்த பேராசிரியரும், விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தும் உறவினரும் எவர் வீட்டில் உளர் என்பதைப் பொறுத்தே ஒரு மாணவரின் பயணம் இன்னும் பெரிதும் அமைகிறது. மாவட்டக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், தம் மாணவர் எவ்வாயிலில் நின்றுவிடுகின்றனர் என்பதை ஊர்தோறும் பதிவு செய்வராயின், சிந்துபூந்துறையில் தொடங்கிய இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை எழுதுவதற்கான சான்றுகள் கிட்டும்.